மையால் போட்ட வட்டம்

கல்லீரல் வாரிய மேலாளர் ஐயாவுக்கு, மரியபுஷ்பம் எழுதுவது.

என் கணவர் அருளப்பனுக்கு ஹெபடைடிஸ் பி. ஈரல் தழும்பு இரண்டாம் நிலையை எட்டினால்தான் மருந்து தருவீர்கள். ஆளில்லாமல் தானே ஓடி, தானே பேசி, ஊசியால் ஈரல் சதையைக் கிள்ளிப் பார்க்கும் உங்கள் ஊசி வண்டி சித்திரையில் வீட்டுக்கு வந்து, ஈரலின் வலப்பக்கம் குத்தி மூன்றாம் நிலை என்றது. மருந்து வருமுன் ஆனியில் சரிபார்க்க வந்து, இடப்பக்கம் குத்தி ஒன்று என்றது. கடைசி முடிவுதான் செல்லுமாம்.

"ரெண்டு மாசத்துல தழும்பு எங்கய்யா போச்சு?" என்று கேட்டேன்.

"அண்ணாச்சி குணமாயிட்டாருக்கா, வாழ்த்துகள்!" என்றது வண்டி.

"அவரு கண்ணைப் பாரு, மஞ்சளா கெடக்கு."

"கண்ணு என் வேலை இல்லக்கா."

மறுபடி குத்தச் சொன்னால், குணமானவரைக் குத்த விதியில்லையாம். தழும்பு ஈரல் முழுக்க ஒரே அளவாக இருக்காதே ஐயா; விதியை மாற்றி வண்டியை அனுப்புங்கள். அது மறுபடி இடம் மாறிவிடக் கூடாதென்று, அவர் வலது விலாவில் நானே மையால் வட்டம் போட்டிருக்கிறேன். குளித்தால் அழியுமென்று மூன்று நாளாக அவர் குளிக்கவில்லை.