இரண்டுக்குப் பூஜ்யம்
மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்ட எங்கள் கால்பந்து கிளப்பின் மைதானம் நேற்றைய மழையில் ஊறிக் கிடக்கிறது. ஸ்கோர் பலகையில் 2–0. என்றோ ஒருநாள் தலைநகர் புக்கரெஸ்ட்காரர்களை வென்ற கணக்கு. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் மைதானக்காரர் சாண்டு அந்தத் தகடுகளையே திரும்ப மாட்டிவிடுவார். இன்று அவர் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக் கோடு போடுகிறார். கிளப்பை வாங்கிய புது முதலாளியின் ஆள் முக்காலிக் கருவியை நட்டு நிலத்தை அளக்கிறான். சூரியகாந்தி விதை விற்கும் ரோடிகா தோலைத் துப்புகிறாள்.

"புதுப் புல்லு போடப் போறாங்களாம், ரோடிகா" என்கிறார் சாண்டு.

"புல்லு போடுறவன் சாக்கடை எந்தப் பக்கம் போகுதுன்னு எதுக்குய்யா கேக்குறான்?"

கருவியின் ஒரு கால் சேற்றில் இறங்குகிறது. அந்த ஆள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பலகையிலிருந்து '2' தகட்டைக் கழற்றி வந்து அந்தக் காலின் அடியில் கொடுக்கிறான். கருவி ஆடாமல் நிற்கிறது.

சாண்டுவின் வண்டியும் நின்றுவிட்டது. சுண்ணாம்பு மட்டும் ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறது.