பதினொன்றைத் தாண்டி

"பதினொண்ணாவது கணக்கு புக்கை இங்க தொறக்கவே மாட்டாங்க, தெரியுமாக்கா?"

கன்னியம்மா திரும்பிப் பார்த்தாள். பள்ளி அலுவலக வராந்தாவில், அதே பெஞ்சின் கோடியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தாடியும் ஒட்டிய கன்னமுமாக இருந்தான். வயது இருபது, இருபத்தொன்றுதான் இருக்கும். மடியில் ஒரு புத்தம் புதிய கணக்குப் புத்தகம் வைத்திருந்தான்.

"தெரியும் நைனா. அதுக்குத்தான இவள இங்க இட்டாந்தேன்" என்றாள் கன்னியம்மா. "மொத வருசமே பன்னெண்டாவது பாடத்த ஆரமிச்சிடுவாங்களாம். ரெண்டு வருசம் அதையே போட்டு தேய் தேய்னு தேய்ச்சா, பரீச்சைல தூங்கிகினே எழுதிடலாமாம். உள்ள சாரு இப்பத்தான் சொன்னாரு. இந்த ஃபாரத்துல நான் கையெழுத்து போட்டுக் குடுத்தா சீட்டு."

பக்கத்தில் மகள் கவிப்பிரியா உட்கார்ந்திருந்தாள். அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்தவள், கணக்கில் தொண்ணூற்று நான்கு. கன்னியம்மாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் கம்பெனியில் பேக்கிங் வேலை. பன்னிரண்டு வருடம் நின்றே வேலை பார்த்து, சாயந்திரமானால் இரண்டு கணுக்காலும் வீங்கிவிடும். மகளாவது ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே கிடையாது.

"பதினொண்ணு இல்லாம பன்னெண்டு புரியாதுக்கா."

"இன்னாத்துக்குப் புரியணும்? மார்க்கு வந்தா போதாதா?"

"மார்க்கு வரும்" என்றான் அவன். குரல் இறங்கிவிட்டது.

"அப்புறம் இன்னாண்ணா?" என்று கேட்டாள் கவிப்பிரியா.

"புக்குல கீற கணக்கு அத்தினியும் மனப்பாடம் ஆயிடும்மா. எந்த வரில இன்னா வரும்னு கண்ண மூடிகினு சொல்லலாம். ஏன் வருதுன்னு கேட்டா, அது லெவன்த்துல கீது, இப்ப டைம் இல்லம்பாங்க. நானும் இங்க படிச்சவந்தான். இன்ஜினியரிங் சேந்தேன். அங்க கணக்க கொஞ்சம் மாத்திக் குடுத்தாங்க, எனக்கு ஒண்ணும் ஓடல. மொத செமஸ்டர் கணக்கையே நாலு தபா எழுதிட்டேன். நாலு தபாவும் பெயிலு."

அவன் மடியிலிருந்த புத்தகத்தைத் தூக்கிக் காட்டினான். பதினொன்றாம் வகுப்புக் கணக்கு.

"இத போன வாரந்தான் வாங்கினேன். மொத பாடத்துலேந்து போட்டுகினு கீறேன்."

கவிப்பிரியா அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ம்மா, நான் பழைய இஸ்கூல்லயே படிக்கறேன். அங்க பதினொண்ணு நடத்துவாங்க. ஏன்னு தெரியாம எனக்குப் போட வராதும்மா."

கன்னியம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வந்த நேரத்தில் பெண்ணின் மனதைக் கலைக்கிறானே பாவி!

"நல்லா கீது கத! நீ ஒழுங்கா படிக்காம கோட்ட உட்டுட்டு, இஸ்கூலு மேல பழி போடறியா? இத்தப் பாரு."

அவள் போனை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். பள்ளி கேட்டின் மேலே கட்டியிருக்கும் பேனரை ரோட்டில் நின்று எடுத்த படம். அதில் ஒரு பையன், கழுத்தில் டை, நெற்றியில் பட்டையாக விபூதி, கொழுகொழு கன்னத்தில் ரோஸ் பூச்சு. கீழே 'கணிதம் 100/100' என்று தங்க நிறத்தில் எழுதியிருந்தது.

"பேரு சரணு. மூணு வருசமா பஸ்ஸுல போறப்ப இந்தப் புள்ள மூஞ்சப் பாத்துட்டுத்தான் வேலைக்குப் போறேன். எங்க ஊட்ல சாமி படத்தாண்ட இத்த ஒட்டி வெச்சிகீறேன். இதே இஸ்கூலு, இதே பாடம். அந்தப் புள்ளைக்கு மட்டும் எப்டி வந்துச்சாம்?"

அவன் போனைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான்.

"சாமி படத்தாண்டயா வெச்சிகீறீங்க?" என்று கேட்டான்.

"ஆமா. எவன் பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும்."

அவன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மடியிலிருந்த புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டான். அதைப் பார்த்ததும் கன்னியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. சே, இவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே, தோற்றவனைப் போய் இப்படிக் குத்திப் பேசலாமா?

"மனசுல வெச்சிக்காத தம்பி. ஏதோ ஆத்தரத்துல பேசிட்டேன். ஆமா, நீ இன்னாத்துக்கு வந்த? டி.சி. வாங்கவா?"

"இல்லக்கா. ஆபீஸ்ல ஒரு லெட்டர் குடுத்துகீறேன். பதிலு வரணும்."

"வரும், வரும். கவலப்படாத" என்றாள் கன்னியம்மா.

அவள் ஃபாரத்தை மடியில் விரித்தாள். கவிப்பிரியா கண் கலங்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்று அழுவாள், நாளைக்கு அந்த பேனரில் இவள் முகம் வரும்போது சிரிப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கன்னியம்மா பேனாவைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட ஆரம்பித்தாள்.

அலுவலகக் கதவு திறந்தது. குமாஸ்தா மனோகரன் கையில் ஒரு தாளோடு எட்டிப் பார்த்து, தாடிக்காரனைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சரண், உன் லெட்டரை சார் படிச்சிட்டாருப்பா. அட்மிஷன் முடியற வரைக்கும் கேட்டு மேல இருக்கற உன் போட்டோவ எடுக்க முடியாதாம்."

கன்னியம்மாவின் பேனா பாதிப் பெயரிலேயே நின்றுவிட்டது.