முதல் ஜோடி

பல்கலைக்கழக விளையாட்டு விழா மேடையில், எண்ணூறு மீட்டர் ஓட்டக்காரி இசக்கியம்மாளை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கிழிந்த ஷூவை மாற்றித் தரச் சொல்லி ஆறு மாதமாக விண்ணப்பம் எழுதியவள் அவள். அதற்குள் தேசியப் போட்டியே முடிந்து, கட்டைவிரல் வெளியே தெரிய ஓடி, நான்காவதாக வந்து திரும்பியிருந்தாள். இன்று கிரானைட் அதிபர் தனுஷ்கோடி ஐம்பது ஜோடி நன்கொடை தருகிறார். முதல் ஜோடியைத் தன் கையாலேயே மாட்டிவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

மூச்சு வாங்க அவர் மண்டியிட்டார். அந்த ஒரு ஷூவுக்குள் அவளுடைய இரண்டு பாதங்களும் போகும். ஐம்பதும் ஒரே அளவாம்.

"பெரிசா இருக்கு சார்," என்றாள்.

"போட்டோல தெரியாதும்மா. காலை நல்லா நீட்டு," என்று பல்லைக் கடித்தபடி சிரித்தார் துணைவேந்தர். ஷூ காலில் நிற்காமல் நழுவவே, அவரும் மண்டியிட்டு அவள் குதிகாலைத் தாங்கிப் பிடித்தார்.

"இதுவல்லவா தலைமைப் பண்பு!" என்று மைக்கில் ஒரு பேராசிரியர் உருகினார்.

சாயம் பூசிய அந்த இரண்டு தலைகளையும் இசக்கியம்மாள் மேலிருந்து பார்த்தாள். கூச்சமாக இருக்கும் என்று பயந்திருந்தாள். ஆனால், செருப்புக் காலால் ஏதோ அசிங்கத்தை மிதித்துவிட்டது போலத்தான் இருந்தது.

போட்டோ எடுத்தாயிற்று. இருவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழப் போனார்கள். அவள் காலை இறக்கவில்லை.

"லேஸ் கட்டலியே சார்," என்றாள், மைக்கில் கேட்கும்படி.

கூட்டம் கைதட்டியது. துணைவேந்தர் மறுபடி குனிந்து கட்டினார். அவள் நிதானமாக அடுத்த காலை நீட்டினாள்.