கையுறைக் கை

ரோமில், பழைய பேய்ப்பட இயக்குநர் எர்மான்னோவின் வீட்டுக்கு வந்த ரசிகன் புல்வியோ, அவர் படத்தின் ஓட்டைகளை ஆசை ஆசையாக அடுக்கினான்.

"வௌவாலைக் கட்டின கயிறு தெரியுது. பொணம் கண்ணச் சிமிட்டுது. ரத்தம் தக்காளிச் சாறு. ஆனா, கதாநாயகி மிரெல்லாவோட கழுத்த நெரிக்கிற சீன் மட்டும் அப்படியே நெஜம் சார்! கையுறை போட்ட அந்தக் கை யாரோடது?"

"வில்லன் அன்னிக்கு வரல. கையுறைய என் பொண்டாட்டிதான் போட்டுக்கிட்டா."

காப்பியுடன் வந்த அவர் மனைவி ஓர்சோலாவைப் பார்த்துக் கைதட்டினான் புல்வியோ. "மிரெல்லாவும் என்னமா நடிச்சிருக்காங்க!"

"அவ எங்க நடிச்சா? இவருக்கு அவ எழுதின காதல் கடிதம் அன்னிக்குக் காலையிலதான் என் கையில கெடச்சுது," என்றாள் ஓர்சோலா.

எர்மான்னோ தலையைச் சொறிந்தார். "நான் தொண்டை கிழிய 'கட்! கட்!'னு கத்தினது படத்துல கேக்காது தம்பி. சத்தமெல்லாம் நாங்க அப்புறந்தானே சேப்போம்."