வட்டத் தொட்டி செய்த குற்றம்

"சிக்னே, நீ டிசைன் போட்ட வட்டத் தொட்டியில தினமும் ஏழெட்டு சால்மன் குஞ்சு சாகுது. எங்கப்பா கட்டின சதுரத் தொட்டியில ஒரு மாசமா ஒண்ணுகூட சாகல. எல்லாத்தையும் சதுரத்துக்கு மாத்து. வட்டத்தை நாளைக்கு உடைச்சிரலாம்."

ஃபியோர்டு எனும் குறுகிய கடற்கழியின் ஓரத்து மீன்குஞ்சுப் பண்ணையின் முதலாளி தோர்கில்ஸ் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"அதுக்கு முன்னாடி சதுரத்துல தண்ணிய இறக்கிப் பாக்கணும்" என்றாள் சிக்னே.

"எதுக்கு? தினமும் காலையில, செத்தது வந்து சிக்குற வடிகால் வலைய நான்தானே பாக்குறேன்! சுத்தமா இருக்கு. பொறாமையா உனக்கு?"

"ஒரே ஒரு தடவை, தோர்கில்ஸ்."

"ஒண்ணும் இல்லைன்னா நீ வேலைய விட்டுப் போயிரணும். சம்மதமா?"

சிக்னே சதுரத் தொட்டியின் மதகைத் திறந்தாள்.

கலங்கல் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கியது. நடுவில் குஞ்சுகள் நெருக்கியடித்துத் துள்ளின.

"பாத்தியா?" தோர்கில்ஸ் சிரித்தார்.

இன்னும் ஒரு சாண் இறங்கியது. நாற்றம் குப்பென்று அடித்தது. நான்கு மூலைகளிலும் செத்த குஞ்சுகள் அழுகிக் குவிந்து கிடந்தன.

"வலையில ஒண்ணுகூட வரலையே..."

"வட்டத்துல மாதிரி தண்ணி சுத்தினாத்தானே செத்தது நடு வடிகாலுக்கு வரும்? இங்க மூலையிலேயே தங்கிருச்சு. வட்டத் தொட்டி ஒளிக்காம காட்டுச்சு. அதுக்குத்தான் அதை உடைக்கச் சொன்னீங்க."