அல்லது

எங்கள் குடும்பத்து வரன்களுக்காகத் தம்பி மகன் குமரகுரு ஒரு செயலி எழுதினான். குடும்பத் தலைவர் சம்மதம் அல்லது பெண்ணின் சம்மதம் இருந்தால் வரன் முடிவு என்ற விதியை நான்தான் சொன்னேன்.

"பெரியப்பா, நீங்க ஆம்னு அமுக்கிட்டா கம்ப்யூட்டர் அதோட முடிச்சுக்கும். மங்கையர்க்கரசி அக்கா போனுக்குச் சம்மதமான்னு கேள்வியே போகாது. 'அல்லது'வை எடுத்துட்டு 'ரெண்டு பேரும்'னு போடட்டுமா?"

"ஏன், நான் ஒருத்தன் போதாதா?"

நான் ஆம் என்று அழுத்திய முதல் வரன் என் மகள் மங்கையர்க்கரசிக்கு வந்தது. நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் போனைத் திறந்து வைத்திருந்தாள்.

"அப்பா, எனக்குக் கேள்வி இன்னும் வரலையே."

"கேக்க வேண்டியவங்களைக் கேட்டாச்சும்மா."

அவள் தலையசைத்தாள். திரை அணையும்போதெல்லாம் விரலால் தொட்டு எழுப்பிக்கொண்டிருந்தாள். நான் தட்டை வாங்க எழுந்தேன்.