அம்மா போட்ட பயணத்திட்டம்

ஏப்ரலில் கஜானனை அலுவலக வேலையாக ஒரு கிழமை சூரிச்சுக்கு அனுப்புகிறார்கள். வேலை முடிய, சனி, ஞாயிறு ஊர் சுற்றிவிட்டு வரலாம். வெள்ளவத்தை வீட்டில் அவனைவிட அம்மாவுக்குத்தான் தலைகால் புரியவில்லை.

“சனிக்கிழமை காலமை பத்து மணிக்கு சூரிச் ஏரி. உடன ரயிலேறினால் பின்னேரம் பரிஸில ஈபிள் கோபுரம். ஞாயிறு ஒல்லாந்தில டியூலிப் தோட்டம். அப்ப அங்க பூக்கிற காலமாம்.”

“இதெல்லாம் எங்கையம்மா படிச்சனீங்கள்?”

“விசாரிச்சனான். அந்த நீலச் சேட்டைப் போடு. தாடியை வழிச்சுப்போட்டுப் போ.”

பக்கத்திலிருக்கிற காலிமுகத்திடல் கடற்கரைக்குப் போனாலே “வெயிலுக்குள்ள என்ன அலைச்சல்?” என்று கேட்கிற அம்மா! கஜானனுக்குப் புல்லரித்தது. அம்மா பயணத்திட்டத்தை எழுதி வைத்திருந்த கொப்பியை ஆசையோடு வாங்கிப் பார்த்தான்.

சூரிச் ஏரி: அபிராமி, ரேவதி நட்சத்திரம், எட்டுப் பொருத்தம்.

ஈபிள் கோபுரம்: துளசிகா, அனுஷம், ஏழு.

டியூலிப் தோட்டம்: மிதுலா, சுவாதி, ஆறு. பரவாயில்லை.

“அம்மா!”

“கத்தாத ராசா. ஏரிக்கரையில ஒரு மணித்தியாலத்துக்கு மேல நிண்டு கதைக்காத. ரயிலை விட்டால், பாவம், பரிஸ் பிள்ளை கோபுரத்துக்குக் கீழ பாத்துக்கொண்டு நிக்கும்.”